பழைய எலக்ட்ரிக் கிட்டாரா, புதியதா? மதுரையில் வாசிப்பவருக்கு ஓர் ஒப்பீடு

கையில் எழுபதாயிரம் ரூபாய், மிஞ்சிப்போனால் ஒரு லட்சம். ஆசை பழைய எலக்ட்ரிக் கிட்டார் மேல். வீட்டிலோ, "அந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாமே" என்கிறார்கள். அரசரடிப் பக்கம் சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர், மேலூர், உசிலம்பட்டித் திருவிழாக்களில் ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பவர், அண்ணன் அமெரிக்காவில் இருக்கும் தைரியத்தில் "அங்கேயிருந்தே வரவழைக்கலாமா" என்று யோசிக்கும் அண்ணா நகர் பொறியாளர் என்று பலரும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேள்வி ஒன்று என்பதற்காக எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லிவிட முடியாது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருந்துகொண்டு பழைய கிட்டார் வாங்குகிறவர், கிட்டாரைத் தேடுவதற்கு முன் அதைச் சரிசெய்து தரும் ஆளைத் தேட வேண்டும். கீழே வரும் கணக்கெல்லாம் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

## பழையதில் அப்படி என்ன இருக்கிறது?

ஆசையை வெறும் பித்து என்று தள்ளிவிட முடியாது. அதில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விஷயங்கள் உண்டு.

முதலாவது நெக், விரல்கள் ஓடும் கழுத்துப் பகுதி. பல வருடம் வாசிக்கப்பட்ட நெக்கின் ஓரங்கள் உள்ளங்கை பட்டுப் பட்டு மழுங்கியிருக்கும். பின்பக்கப் பூச்சு தேய்ந்து வெறும் மரம் கைக்கு வரும். சித்திரை வெயிலில் வேர்வைக் கையோடு பளபளப்பான புது நெக்கைப் பிடித்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். புதியது ஒட்டும், பழையதில் கை தடையில்லாமல் ஓடும்.

அடுத்தது பிக்கப், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம். அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரின் பிக்கப் என்பது ஆறு காந்தத் தண்டுகளைச் சுற்றி, தலைமுடி மாதிரி மெல்லிய 42 கேஜ் செப்புக் கம்பியை ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று சுற்றியது. ஆரம்ப வருடங்களில் கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றினார்கள். அதனால் ஒன்றுக்கொன்று எண்ணிக்கையில் கூடும், குறையும். ‘இந்தக் கிட்டாரில் மட்டும் ஏதோ இருக்கிறது’ என்று சொல்வதில் கொஞ்சம் உண்மை இங்கே இருக்கிறது.

மூன்றாவது பூச்சு. ஃபெண்டர் 1960களின் கடைசி வரை நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசியது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சன் இன்னும் அதைத்தான் பூசுகிறது. மெல்லிய பூச்சு, மஞ்சளாகும், நுண்ணிய விரிசல் விடும், கைபட்ட இடத்தில் கரையும். அந்தத் தேய்மானத்தைத்தான் கண் விரும்புகிறது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் நிதானம் தேவை. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களின் கண்ணை மறைத்து, ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதியவற்றையும் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் கைக்குப் பிடித்ததாகத் தேர்ந்தெடுத்தது புதியதை. கிட்டார் வேறு கருவி என்பது சரிதான். ஆனாலும் எலக்ட்ரிக் கிட்டாரில் ஒலியின் பெரும்பங்கு பிக்கப், ஆம்ப், ஸ்பீக்கர், வாசிக்கும் விரல் இவற்றிலிருந்து வருகிறது. கேபிளின் நீளம்கூட ஒலியை மாற்றும்: நீண்ட கேபிள் மேல்ஸ்தாயிக் கூர்மையைத் தின்றுவிடும். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் பழைய மதுரை மாவட்டத்து ஊர். அவரே கிட்டார் கலைஞர். அந்தக் காலத்துத் திரைப்பாட்டில் வரும் கிட்டார் ஒலியைத் தேடி, 1970களின் கிட்டார் வேண்டும் என்று கேட்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அந்த ஒலியில் பாதிக்கு மேல் எழுதியவரும் வாசித்தவரும் இருக்கிறார்கள். கடையில் அது கிடைக்காது.

இன்னொன்று: பழையது எல்லாமே நல்லது அல்ல. ஃபெண்டர் நிறுவனம் 1965-ல் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்கு 1.3 கோடி டாலருக்குப் போனது. 1970களின் ஃபெண்டர்களில் பல கனமானவை, தடித்த பூச்சு கொண்டவை. 1971-க்குப் பின் வந்த ஸ்ட்ராட்களில் நெக்கைப் பிடித்திருந்த நான்கு திருகு மூன்றானது. 1950களின் கிட்டார்கள் எல்லாமே அற்புதம் என்று தோன்றுவதற்கு, மோசமானவை எல்லாம் எப்போதோ விறகாகிவிட்டன என்பதும் ஒரு காரணம்.

## எதை வைத்து எடை போடுவது?

விலையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

ரிப்பேர் தூரம். தந்தி மாற்ற, வால்யூம் கன்ட்ரோலின் கரகரப்பை நீக்க, அறுந்த ஒயருக்கு ஈயம் வைக்க ஊரிலேயே ஆள் உண்டு. ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவரே போதும். ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மாற்ற, நெக்கைத் திருத்த மதுரைக்காரர்கள் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிறார்கள். போக வர பார்சல், காத்திருப்பு, வழியில் அடிபடும் பயம் எல்லாம் விலையோடு சேரும். மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் பிக்கப்பைக் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். அவர் கை பழகிய கம்பி இதைவிடப் பல மடங்கு தடிமன்.

மேடை இரைச்சல். ஒற்றைக் காயில் பிக்கப் சுற்றியிருக்கும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். கோயில் திருவிழா மேடையில் ஜெனரேட்டர், சீரியல் செட், மின்னி மின்னி எரியும் டிம்மர் விளக்கு எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே தகடோ கவசப் பூச்சோ இல்லாத பழைய கிட்டார் அங்கே வண்டு மாதிரி இரையும். கிப்சனில் சேத் லவர் வடிவமைத்து 1957-ல் லெஸ் பால் கிட்டார்களுக்கு வந்த ஹம்பக்கர் பிக்கப், இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து இந்த ரீங்காரத்தை அடக்குகிறது.

நெக்கும் ஃப்ரெட்டும். இவை சரியாக இருந்தால் மற்றது எல்லாம் மாற்றக்கூடியது.

திரும்ப விற்றால் என்ன வரும். இதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். மதுரையில் விற்பதா, சென்னையில் விற்பதா என்பதும் சேர்த்து.

ஆசைக்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள். எடுத்தால் கீழே வைக்க மனம் வராத கிட்டாரைத்தான் தினம் வாசிப்போம். தினம் வாசிக்காத கிட்டார் எந்த விலைக்கும் நஷ்டம்தான்.

## வழி 1: அமெரிக்க அசல்

1964-க்கு முந்தைய, எதுவும் மாற்றப்படாத ஸ்ட்ராட்டோகாஸ்டர் இன்று பத்து லட்சத்துக்குக் கீழே கிடைப்பது அரிது. 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் கோடிக் கணக்கு. நமக்கு எட்டக்கூடியது என்றால் 1970களின் கடைசி, 1980களின் தொடக்கம். அதுவும் இரண்டு, மூன்று லட்சம்.

மறைந்திருக்கும் செலவுதான் இங்கே முக்கியம். அண்ணன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தாலும், பார்சலில் அனுப்பினாலும் சுங்க வரி உண்டு. பார்சல் என்றால் ஜிஎஸ்டியும் சேரும். பழைய பொருள்களை வணிகமாக இறக்குமதி செய்வதற்குத் தனிக் கட்டுப்பாடும் இருக்கிறது. அனுப்புவதற்கு முன்பே சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொரு கண்ணி மரத்தில். 1960களின் நடுவரை ஃபிங்கர்போர்டுக்குப் பிரேசில் ரோஸ்வுட் போட்டார்கள். அது 1992 முதல், அழியும் நிலை உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டக் காகிதம் வேண்டும். 2019-ல் இசைக்கருவிகளுக்குக் கொடுத்த தளர்வு மற்ற ரோஸ்வுட்களுக்குத்தான், பிரேசில் மரத்துக்கு அல்ல. பிறகு அமெரிக்க நிறுவனங்கள் மாறிய மரம் எது தெரியுமா? இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. அதை வெட்டுவதைத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். அமெரிக்கக் கிட்டார் என்று லட்சங்கள் கொடுத்து வாங்கினால், விரல் படும் பலகை நம் மலையிலிருந்து போனதாக இருக்கலாம்.

கூடவே பழைய ஆம்ப்பும் வந்தால் கவனம். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், ஜப்பான் ஆம்ப் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய வால்வு ஆம்ப்பில் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். மூடியைத் திறக்கும் வேலை பழகியவருக்கே.

வெயிலும் ஒரு செலவு. பழைய கிப்சன்களை ஒட்டியது விலங்குப் பசை. அதிகச் சூட்டில் இளகும். மே மாதம் மாட்டுத்தாவணியில் நிறுத்திய காரின் டிக்கியில் மதியம் முழுக்க வைத்தால் பசை விடும் அளவுக்குச் சூடு ஏறும். ரப்பர் வைத்த மலிவு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தாலும் ஆபத்துதான். நைட்ரோ லாக்கர் ரப்பரோடு வினைபுரிந்து பிசுபிசுவென்று உருகிவிடும்.

இது யாருக்குச் சரி? ஏற்கெனவே நல்ல கிட்டார் ஒன்று வைத்திருப்பவருக்கு. பணத்தை முடக்கிப் போடக்கூடியவருக்கு. வீட்டிலோ ஸ்டூடியோவிலோ மட்டும் வாசிப்பவருக்கு. ஒரு குறுக்கு வழி உண்டு. கிப்சனில் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். உடைந்து நன்றாக ஒட்டப்பட்ட கிட்டார் சேகரிப்பவருக்கு வேண்டாத பொருள். விலை ஏறத்தாழ பாதிக்கு இறங்கும். வாசிப்பதற்கு ஒரு குறையும் இருக்காது.

## வழி 2: ஜப்பான், 1970களின் கடைசி முதல் 1980கள் வரை

நான் பெரும்பாலும் கைகாட்டும் வழி இது.

1970களில் ஜப்பானியர்கள் அமெரிக்கக் கிட்டார்களை அச்சு அசலாக நகலெடுத்தார்கள். 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனீஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றவர்கள் மேல் வழக்கே போட்டது. டோக்காய், கிரேக்கோ, பர்னி இவையும் அந்தக் கால நகல்களால் பேர்போனவை. நகல் இவ்வளவு நன்றாக வருகிறதே என்று ஃபெண்டரே 1982-ல் ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. முதல் கிட்டார்களைச் செய்தது ஃபுஜிஜென் ஆலை. 1982 முதல் 1984 வரை வந்த, ஜேவி என்று தொடங்கும் எண் உள்ள, ஃபெண்டரின் துணை பிராண்டான ஸ்குவயர் கிட்டார்களைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் இங்கே லட்சத்தை நெருங்கும், தாண்டவும் செய்யும். பெயர் அவ்வளவு பிரபலமாகாத ஜப்பான் கிட்டார் அதில் பாதிக்குக் கிடைக்கலாம்.

நாற்பது வருடம் என்பது மரம் ஒரு நிலைக்கு வந்துவிட்ட வயது. நெக் முறுக்கிக்கொள்வதாக இருந்தால் இதற்குள் முறுக்கியிருக்கும். வாங்கும்போதே தெரிந்துவிடும். பூச்சு பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். ஸ்டாண்ட், வேர்வை, வெயில் எதற்கும் பயப்படாது. ஸ்ட்ராட் வகையில் நெக் திருகால்தான் பிடித்திருக்கும், கழற்றி மாட்டலாம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? ஃப்ரெட்டில். ஜப்பானில் நிறைய வாசிக்கப்பட்டு வந்தவை இவை. முதல் மூன்று ஃப்ரெட்டில் தந்தி பதிந்த பள்ளம் தெரிந்தால், ஃப்ரெட் மாற்றும் செலவையும் வெளியூர் பார்சலையும் பேரத்திலேயே கழித்துவிடுங்கள். ஜப்பான் கிட்டார்களில் பல இடங்களில் மில்லிமீட்டர் அளவு உதிரிகள். அமெரிக்க அங்குல அளவு வால்யூம் கன்ட்ரோலை வாங்கினால் குமிழ் ஏறாது. சின்ன விஷயம். ஆனால் திருவிழாவுக்கு முந்தின இரவு அது சின்ன விஷயமாக இருக்காது.

சென்னை, பெங்களூர், கொச்சி வாசிப்பவர்களிடமிருந்து கைமாறி வருவது உண்டு. படம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் ஏறி மதியம் சென்னையில் இறங்கி, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

## வழி 3: பரணில் கிடக்கும் உள்ளூர் கிட்டார்

கல்கத்தாவின் கிவ்சன், ஹோப்னர் என்று 1970களிலும் 80களிலும் நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசித்தது பெரும்பாலும் இந்திய கிட்டார்களை. அவற்றில் பல இன்னும் வீட்டுப் பரணிலும் சர்ச் ஸ்டோர் ரூமிலும் கிடக்கின்றன. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். மாமாவுடையது என்றால் சும்மாவே.

ஒலி விஷயத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். மலிவு வகைகளில் பலவற்றில் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்த கம்பி) இருக்காது, இருந்தாலும் துருப்பிடித்திருக்கும். நெக் வளைந்துவிட்டால் நிமிர்த்த வழியில்லை. ஆனால் நெக் நேராக இருக்கிறது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி நிற்கிறது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ட்யூனிங் கீ, புதிய கன்ட்ரோல்கள், இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஒரு பிக்கப் செட், உள்பக்கம் ஒட்டச் செப்புத் தகடு. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் மேடையேறும் கிட்டார் ஆகிவிடும். வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. விற்றால் ஒன்றும் வராது. விற்பதற்காக இதை வாங்குகிறவரும் கிடையாது.

## வழி 4: பழைய பாணியில் புதியது

ஸ்குவயர் கிளாசிக் வைப் வரிசை ஐம்பதாயிரத்தைச் சுற்றி. ஃபெண்டரின் வின்டெரா வரிசை லட்சத்துக்கு மேல். கிப்சனின் துணை பிராண்டான எபிஃபோனிலும் இந்த வகை உண்டு. தோற்றம் 1950, 60கள். உள்ளே இருப்பது புதிய ஒயர், திரும்பும் ட்ரஸ் ராட், வாரன்டி.

வாரத்துக்கு மூன்று நிகழ்ச்சி வாசிப்பவருக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பங்குனி தொடங்கி ஆடி வரை ஊர் ஊராகப் போகும் வேனில், ஸ்பீக்கர் பெட்டிக்கும் டிரம்ஸுக்கும் நடுவே கிடக்கப்போகும் பொருள் அது. அடிபட்டால் மனது கெடக்கூடாது. நெக் ஒட்டுகிறது என்றால் பின்பக்கத்தை மட்டும் 1000 நம்பர் உப்புத்தாளால் மெதுவாக நீளவாக்கில் தேய்த்தால் பளபளப்பு போய்விடும். பழைய நெக்கின் சுகத்தில் பெரும்பகுதி ஐம்பது ரூபாய்க்கு வந்துவிடும். கடைக்காரர் வாரன்டி பற்றி முறைப்பார், அது வேறு.

மறைமுகச் செலவு: கடையிலிருந்து வரும் நிலையில் பல கிட்டார்களுக்கு செட்டப் தேவைப்படும். தலைப்பக்கம் தந்தி உட்காரும் நட்டின் பள்ளம் உயரமாக இருக்கும், மரம் காய்ந்து ஃப்ரெட்டின் முனை விரலைக் கீறும். விலையும் முதல் வருடத்திலேயே இறங்கும். வேண்டுமென்றே கீறி, தேய்த்துப் பழையதுபோல் ஆக்கிய கிட்டார்களும் கடையில் உண்டு. எனக்கு அவை மேல் மதிப்பில்லை. தேய்மானத்துக்கு இன்னொருவருக்குக் கூலி கொடுப்பதற்குப் பதில் நாமே வாசித்துத் தேய்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| | அமெரிக்க அசல் | ஜப்பான் 80கள் | பரண் கிட்டார் | பழைய பாணிப் புதியது |
|---|---|---|---|---|
| கைப்பணம் | சில லட்சம் முதல் | ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சத்துக்கு மேல் | சில ஆயிரம் | ஐம்பதாயிரம் முதல் |
| ஒளிந்திருக்கும் செலவு | வரி, காகிதம், பாதுகாப்பு | ஃப்ரெட், உதிரி அளவு | பாதி உதிரிகள் புதிதாக | செட்டப், விலை இறக்கம் |
| மதுரையிலேயே ரிப்பேர் | கடினம் | பெரும்பாலும் முடியும் | முடியும் | முடியும் |
| மேடைக்கு | வேண்டாம் | தாங்கும் | கவசம் போட்ட பிறகு | மிகப் பொருத்தம் |
| திரும்ப விற்க | நல்ல விலை, பொறுமை வேண்டும் | போட்டது வரலாம் | வராது | பாதி முதல் முக்கால் |

பட்டியலில் அடங்காத ஒன்று, நான்கு வழிக்கும் பொது: ஷாக். கிட்டாரின் தந்தி, உடல் பக்கம் அதைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. ஆம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் வேறு லைனிலும் இருந்து, ஏதாவது ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், தந்தியில் விரலும் மைக்கில் உதடும் சேரும் நொடியில் மின்சாரம் நம் வழியாகப் போகும். ஊர்த் திருவிழா மேடைகளில் இது கதை அல்ல. இரண்டையும் ஒரே போர்டில் செருகச் சொல்லுங்கள், பாடுவதற்கு முன் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கிட்டாருக்கு ஒரு வயர்லெஸ் போட்டுக்கொண்டால் உடம்புக்கும் ஆம்ப்புக்கும் நடுவே கம்பியே இல்லை. மூன்றாவது முள் இல்லாத பழைய ஆம்ப்பை மேடைக்குக் கொண்டுவரவே கூடாது.

## யாருக்கு எது

திருவிழா ஆர்க்கெஸ்ட்ராகாரருக்குப் புதியது, முடிந்தால் ஹம்பக்கர் உள்ளது. சர்ச்சில் வாசிப்பவருக்கு, அதுவும் ஞாயிறு காலை ஒரே இடத்தில், ஒரே நல்ல எர்த் இணைப்பில் வாசிப்பவருக்கு ஜப்பான் கிட்டார். அவர்தான் அதன் அருமையை முழுசாக அனுபவிக்க முடியும். அண்ணா நகர் பொறியாளருக்கு: அண்ணனிடம் கிட்டார் கேட்காதீர்கள். நல்ல பிக்கப் செட் ஒன்றும், கேபிளும், தந்தியும் கொண்டுவரச் சொல்லுங்கள். சூட்கேஸ் மூலையில் அடங்கும். கல்லூரி மாணவருக்குப் பரண் கிட்டார். இப்போதைக்கு அது போதும்.

## பழையதைப் பார்க்கப் போகும்போது

புதிய தந்தி செட், சின்ன ஸ்க்ரூ டிரைவர், டார்ச், கேபிள், போனில் ட்யூனர். இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நல்லது. அதிகம் என்றால் ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஃபெண்டர் வகையில் அது நெக்கின் அடியில் இருக்கும், நெக்கைக் கழற்றித்தான் திருப்ப முடியும்.

பிறகு தந்திக்கு அடியில் உடலோடு திருகியிருக்கும் பிக்கார்டு தகட்டைத் திறந்து வால்யூம் கன்ட்ரோலின் முதுகைப் பாருங்கள். அமெரிக்கக் கிட்டார் என்றால் அங்கே ஆறு அல்லது ஏழு இலக்க எண் அச்சாகியிருக்கும். 1376542 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 65 வருடம், 42 வாரம். கிட்டார் 1962-ஐச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தக் கன்ட்ரோல் எப்போது மாறியது என்று சொல்ல வேண்டும். ஈயம் வைத்த இடங்கள் மங்கலாக, பழைய தூசியோடு இருந்தால் யாரும் கை வைக்கவில்லை. பளபளவென்று இருந்தால் வேலை நடந்திருக்கிறது. வாசிக்கிறவருக்கு அது குறை இல்லை, அசல் விலை கொடுக்கிறவருக்குக் குறை.

கடைசியாக, நீங்கள் கொண்டுபோன புதிய தந்தியைப் போட்டு சுருதி சேர்த்து, ஓர் இரவு விற்பவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் போய்ப் பார்க்கும்போது நெக் நின்ற இடத்தில் நிற்கிறதா, சுருதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ஓர் இரவுக்கு ஒப்புக்கொள்ளாதவரிடம், ஃப்ரெட் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.